ஆறாம் இடம் பெற்ற ஆசான்

ஒலிம்பிக் பந்தயங்களின் சரித்திரத்தை எழுதுவோர் பெரும்பாலும் முதல் மூன்று இடங்களோடு எழுதுகோலை வைத்துவிடுகின்றனர். தங்கமும் வெள்ளியும் வெண்கலமும் பெற்றவர்களின் பெயர்கள் பல தலைமுறைகளுக்கு நிலைத்து நிற்கின்றன. அவர்களுக்கு அடுத்து வந்தவர்கள் புள்ளிவிவர ஏடுகளின் ஓரத்தில் ஒதுங்கிவிடுகின்றனர். இன்று நாம் பேச எடுத்துக்கொண்டவர் அவ்வாறு ஒதுங்கிப்போன ஒருவர். 1908ஆம் ஆண்டில் லண்டன் மாநகரில் நடைபெற்ற ஒலிம்பிக் பந்தயங்களில் நீளத் தாண்டுதலில் அவர் ஆறாம் இடம் பெற்றார். மும்முறைத் தாண்டுதலிலும் ஆறாம் இடமே பெற்றார். பதக்கம் ஏதுமின்றித் தாயகம் திரும்பிய அவர், இரண்டே ஆண்டுகளில் கல்லூரிப் பட்டம் பெற்று, அதே 1910ஆம் ஆண்டில் மற்றொரு கல்லூரியின் கால்பந்துக் குழுவுக்குத் தலைமைப் பயிற்சியாளராகவும் அமர்ந்தார். பிராங்க் மவுண்ட் பிளெசன்ட் என்பது அவர் பெயர்.

விளையாட்டு வீரர் ஒருவர் பின்னாளில் பயிற்சியாளராவது இயல்புதானே, அதில் வியப்பதற்கு என்ன இருக்கிறது என்று நேயர்கள் கேட்கலாம். மவுண்ட் பிளெசன்ட் அமெரிக்காவின் பூர்வகுடி மக்களுள் ஒருவர். அவரைப் போன்றவர்கள் தம் மொழியையும் வழக்கங்களையும் மறக்கவேண்டும் என்ற நோக்கத்துடனேயே தொடங்கப்பட்ட ஒரு பள்ளியில் அவர் படித்தார். அத்தகைய பள்ளியிலிருந்து வெளிவந்தவர், தம்மை மாற்ற முனைந்த சமூகத்தின் புதல்வர்களுக்கே ஆசானாக நின்றார். இந்தத் திருப்பம் எவ்வாறு நேர்ந்தது, அதற்கு என்ன விலை கொடுக்கப்பட்டது என்பதை எண்ணிப் பார்ப்பதே இப்பேச்சின் நோக்கம்.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவு செய்துகொள்ளுதல் நலம். அயல்மொழி ஏடுகளைத் தமிழில் தருவதைத் தொழிலாகக் கொண்ட எம் போன்றோர்க்கு, அமெரிக்கச் சரித்திரத்தில் வரும் 'இந்தியர்' என்ற சொல் ஓயாத தொல்லை தருவது. இந்தியாவைத் தேடிப் புறப்பட்ட கொலம்பஸ் 1492ஆம் ஆண்டில் வேறொரு நிலத்தில் கரையேறி, அங்கிருந்தோரை இந்தியர் என்று எண்ணிக்கொண்டார். அந்தத் தவறு திருத்தப்படாமலே நூற்றாண்டுகள் கடந்தன. நம் பழைய பாடப்புத்தகங்கள் அவர்களைச் 'சிவப்பிந்தியர்' என்று குறித்தன. அதுவும் அவர்கள் தாமே சூட்டிக்கொண்ட பெயரன்று. ஒவ்வோர் இனத்தாருக்கும் தமக்கென ஒரு பெயருண்டு, ஒரு மொழியுண்டு, ஓர் ஆட்சிமுறையும் உண்டு. ஆகையால் இயன்ற இடங்களில் அவரவர் இனப்பெயரையும், பொதுவாகச் சொல்ல நேரும்போது பூர்வகுடியினர் என்ற சொல்லையும் இங்கே ஆள்கிறோம்.

மவுண்ட் பிளெசன்ட் 1884ஆம் ஆண்டில் நியூயார்க் மாநிலத்தில், நயாகரா நீர்வீழ்ச்சிக்கு அருகிலுள்ள டஸ்கரோரா மக்களின் ஒதுக்கீட்டு நிலத்தில் பிறந்தார். டஸ்கரோரா மக்களின் கதையே ஒரு குடிபெயர்வின் கதை. அவர்கள் முதலில் தெற்கே வட கரோலினாப் பகுதியில் வாழ்ந்தவர்கள். ஐரோப்பியக் குடியேறிகள் அவர்களது நிலத்தைப் பறித்ததாலும், அவர்களுள் பலரை அடிமைகளாகப் பிடித்து விற்றதாலும் 1711ஆம் ஆண்டில் போர் மூண்டது. அப்போரில் தோல்வியுற்றவர்களுள் பெரும்பகுதியினர் வடக்கு நோக்கி நடந்தனர். அங்கே அவர்களுக்கு உறவான மொழிகளைப் பேசிய ஐந்து இனங்கள் ஒரு கூட்டரசு அமைத்து வாழ்ந்தன. இரோக்வா என்று வெள்ளையர் வழங்கிய அந்தக் கூட்டரசு, வந்தவர்களை வரவேற்றுத் தன் நீண்ட இல்லத்தில் இடமளித்தது. 1722ஆம் ஆண்டளவில் டஸ்கரோரா மக்கள் அதன் ஆறாவது இனமாகச் சேர்த்துக்கொள்ளப்பட்டனர். நிலம் மாறினும் தாம் யார் என்பதை அவர்கள் மறக்கவில்லை. ஊர்விட்டு ஊர் வந்து வாழ்வோர்க்கு இச்செய்தி தனிப் பொருள் தரக்கூடும்.

இத்தகைய மக்களிடையே பிறந்த இளைஞர், கல்வியின் பொருட்டுப் பென்சில்வேனியா மாநிலத்துக் கார்லைல் நகரை அடைந்தார். அங்கிருந்த பூர்வகுடித் தொழிற்பள்ளி 1879ஆம் ஆண்டில் ஒரு பழைய ராணுவப் பாளையத்தில் தொடங்கப்பெற்றது. அதனை நிறுவியவர் ரிச்சர்ட் ஹென்றி பிராட் என்ற ராணுவ அதிகாரி. புளோரிடாவில் ஒரு கோட்டையில் அடைக்கப்பட்டிருந்த பூர்வகுடிக் கைதிகளுக்குக் காவலராக இருந்து, அவர்களுக்கு ஆங்கிலமும் தொழிலும் கற்பித்த அனுபவம் அவருக்கு உண்டு. அந்த முறையைக் குழந்தைகளிடம் கையாண்டால் ஒரே தலைமுறையில் அவர்களை வெள்ளையரைப் போலாக்கிவிடலாம் என்று அவர் நம்பினார். அரசாங்கம் பொருளுதவி அளித்தது.

பள்ளிக்கு வந்த பிள்ளைகளின் நீண்ட கூந்தல் முதலில் கத்தரிக்கப்பட்டது. இனத்து உடை களையப்பட்டு ராணுவச் சீருடை அணிவிக்கப்பட்டது. பெற்றோர் இட்ட பெயருக்குப் பதிலாக ஆங்கிலப் பெயர் சூட்டப்பட்டது. தாய்மொழியில் பேசியவர்கள் தண்டனை பெற்றனர். வந்தபோது எடுத்த புகைப்படத்தையும் சில காலத்துக்குப் பின் எடுத்த புகைப்படத்தையும் அருகருகே அச்சிட்டுப் பள்ளி தன் வெற்றியை விளம்பரம் செய்துகொண்டது. கோடை மாதங்களில் பிள்ளைகள் வீடு செல்வதற்குப் பதிலாக வெள்ளையர் இல்லங்களிலும் பண்ணைகளிலும் வேலை செய்ய அனுப்பப்பட்டனர். 1918ஆம் ஆண்டில் பள்ளி மூடப்படும் வரையில் 140க்கு மேற்பட்ட இனங்களைச் சேர்ந்த ஆயிரக்கணக்கான பிள்ளைகள் அங்கே கொண்டுவரப்பட்டனர். நோயுற்று மாண்ட பலர் அங்கேயே புதைக்கப்பட்டனர். அந்த எலும்புகளை அவரவர் இனத்தாரிடம் ஒப்படைக்கும் பணியை அமெரிக்க ராணுவம் 2017ஆம் ஆண்டில்தான் தொடங்கியது.

இந்தப் பள்ளி உலகப் புகழ் பெற்றது கால்பந்து ஆட்டத்தால். அமெரிக்கர் கால்பந்து என்று சொல்வது நாம் கல்கத்தா மைதானத்திலும் பெங்களூர்த் திடலிலும் காணும் கால்பந்தன்று. அது முட்டை வடிவப் பந்தைக் கையில் பற்றிக்கொண்டு ஓடும் ஆட்டம். பக்கத்துக்குப் பதினொருவர். பந்தை வைத்திருப்பவரை எதிர்ப்பக்கத்தார் பாய்ந்து வீழ்த்துவர். குறிப்பிட்ட முயற்சிகளுக்குள் குறிப்பிட்ட தூரம் முன்னேறவேண்டும். இல்லையேல் பந்து கைமாறும். எதிரியின் எல்லைக் கோட்டைக் கடந்தால் புள்ளிகள். அந்நாளில் இவ்வாட்டத்தைப் பல்கலைக்கழக மாணவர்களே சிறப்புற ஆடினர். ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், பென்சில்வேனியா ஆகிய நான்கும் அதன் பெருங்கோட்டைகள். நாட்டின் பெருஞ்செல்வர்களும் ஆட்சியாளர்களும் தம் பிள்ளைகளை அனுப்பிய கல்விக்கூடங்கள் அவை.

1905ஆம் ஆண்டு வரையில் அந்த ஆட்டம் பெரும்பாலும் உடற்பலத்தின் மோதலாகவே இருந்தது. வீரர்கள் கைகோத்துக் குவியலாக முன்னேறுவர். எதிர்ப்பக்கத்தாரும் குவியலாக வந்து முட்டுவர். அவ்வாண்டில் மட்டும் ஆட்டத்தில் அடிபட்டு 18 பேர் இறந்ததாகச் செய்தித்தாள்கள் கணக்கிட்டன. குடியரசுத் தலைவர் தியோடோர் ரூஸ்வெல்ட் பெரிய பல்கலைக்கழகங்களின் பிரதிநிதிகளை வெள்ளை மாளிகைக்கு அழைத்து ஆட்டத்தைச் சீர்திருத்துமாறு வற்புறுத்தினார். அதன் பயனாக 1906ஆம் ஆண்டில் விதிகள் மாற்றப்பட்டன. பந்தை முன்னோக்கிக் கையால் எறியலாம் என்ற அனுமதி அப்போதுதான் முதன்முதலாக வந்தது. ஆயினும் எறிந்த பந்து பிடிபடாமல் போனால் கடுமையான தண்டனை விதிக்கப்பட்டமையால், பெரிய கல்லூரிகள் பல இந்தப் புது உரிமையைப் பயன்படுத்தத் தயங்கின. பழைய முறையிலேயே அவர்களுக்கு வெற்றி கிடைத்துக்கொண்டிருந்ததும் ஒரு காரணம்.

கார்லைல் பள்ளியின் நிலை வேறு. அதன் வீரர்கள் பருத்த உடலினர் அல்லர். குழுவிலிருந்த ஆட்களும் குறைவு. நேருக்கு நேர் மோதினால் எடை மிகுந்த எதிரிகளிடம் தோற்பது உறுதி. ஆகவே வேகமும் சாதுரியமும் அவர்களுக்கு ஆயுதங்களாயின. 1907ஆம் ஆண்டில் மீண்டும் பயிற்சிப் பொறுப்பை ஏற்ற கிளென் வார்னர், முன்னோக்கி எறியும் முறையை ஆட்டத்தின் மையமாக்கினார். அதனைக் களத்தில் நிறைவேற்றியவர்களுள் முதன்மையானவர்கள் பீட் ஹாசரும் பிராங்க் மவுண்ட் பிளெசன்ட்டும் ஆவர். மவுண்ட் பிளெசன்ட் குழுவின் ஆட்டத்தை நடத்தும் பின்கள வீரர்; உருவத்தில் சிறியவர்.

பந்தை எறிவதில் ஒரு நுட்பம் உண்டு. அக்காலத்துப் பந்து இன்றைய பந்தைவிடப் பருமனானது, கைக்குள் அடங்காதது. அதனைச் சாதாரணமாக வீசினால் தலைகீழாகப் புரண்டு, காற்றில் தள்ளாடி, எங்கோ சென்று விழும். அதன் நீள அச்சில் சுழலுமாறு விரல்களால் திருப்பி விட்டால், சுழலும் பம்பரம் சாயாமல் நிற்பதுபோல் அதுவும் நிலைமாறாமல் நேராகச் செல்லும், தூரமும் கூடும். இவ்வாறு சுழற்றி எறிவதில் முதன்முதலில் தேர்ச்சி பெற்ற சிலருள் மவுண்ட் பிளெசன்ட்டும் ஒருவராகக் கருதப்படுகிறார். இன்று அந்நாட்டுச் சிறுவர்கள் அனைவரும் கொல்லைப்புறத்தில் பழகும் வித்தை இதுவே.

1907ஆம் ஆண்டு அக்டோபர் 26ஆம் நாள் பிலடெல்பியா நகரில் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தைக் கார்லைல் எதிர்த்தது. அவ்வாண்டில் அப்பல்கலைக்கழகம் பன்னிரண்டு ஆட்டங்களில் பதினொன்றை வென்றது. அது தோற்ற ஒரே ஆட்டம் இதுவே. பந்து மீண்டும் மீண்டும் தலைக்கு மேலே பறந்து சென்றது. அதனைத் தடுக்கும் வகையறியாமல் எதிர்ப்பக்கத்தார் திகைத்தனர். கார்லைல் 26, பென்சில்வேனியா 6 என்று ஆட்டம் முடிந்தது. இரண்டு வாரங்கள் கழித்து நவம்பர் 9ஆம் நாள் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைக் கார்லைல் 23க்கு 15 என்ற கணக்கில் வென்றது. அதுவரையில் ஹார்வர்டைக் கார்லைல் வென்றதே இல்லை. அந்தப் பருவத்தில் அக்குழு ஆடிய பதினோர் ஆட்டங்களில் பத்து வெற்றிகள். பிரின்ஸ்டனிடம் மட்டுமே தோல்வி. பின்னாளில் உலகம் போற்றிய ஜிம் தோர்ப் அவ்வாண்டில்தான் புதியவராகக் குழுவில் சேர்ந்திருந்தார். மவுண்ட் பிளெசன்ட் அவருக்கு மூத்தவர்.

இந்த வெற்றிகளின் மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். ஆட்டங்களால் கிடைத்த பெரும்பணம் எவ்வாறு செலவிடப்பட்டது, மாணவர்கள் எவ்வாறு நடத்தப்பட்டனர் என்பவை குறித்துக் கசப்பு முற்றி, 1914ஆம் ஆண்டில் அமெரிக்கக் காங்கிரசின் குழுவொன்று பள்ளியில் விசாரணை நடத்தியது. வார்னர் அத்துடன் கார்லைலை விட்டு வேறு பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். ஆட்டக்காரர்கள் பள்ளிக்குப் புகழ் தேடித் தந்தனர். அப்புகழ் பள்ளியின் குறைகளை நீண்டகாலம் மறைத்து நின்றது. வீரர்களைப் பாராட்டும்போது அப்பள்ளியையும் சேர்த்துப் பாராட்டிவிடும் பிழைக்கு நாம் இடந்தரலாகாது.

1908ஆம் ஆண்டில் கார்லைலிலிருந்து இருவர் லண்டன் ஒலிம்பிக் பந்தயங்களுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டனர். ஒருவர் மவுண்ட் பிளெசன்ட். மற்றவர் ஹோப்பி இனத்தைச் சேர்ந்த லூயிஸ் தெவானிமா. தெவானிமா அரிசோனா நாட்டிலிருந்து முந்தைய ஆண்டில் ஏறக்குறையக் கைதியைப் போல் கொண்டுவரப்பட்டவர். தம் பிள்ளைகளை அரசாங்கப் பள்ளிக்கு அனுப்ப மறுத்த கிராமத்தாருள் அவரும் ஒருவர். அவர் மாரத்தான் ஓட்டத்தில் ஒன்பதாம் இடம் பெற்றார். இத்தாலிய வீரர் டொராண்டோ பியெட்ரி எல்லைக் கோட்டருகே தள்ளாடி விழுந்து, பிறர் தாங்கியதால் வெற்றியை இழந்தாரே, அந்தப் புகழ்பெற்ற ஓட்டமே அது. மவுண்ட் பிளெசன்ட் நீளத் தாண்டுதலில் பங்குகொண்டார். அதில் சிகாகோவைச் சேர்ந்த பிராங்க் ஐரன்ஸ் வென்றார். மும்முறைத் தாண்டுதலில் அயர்லாந்தில் பிறந்த டிம் ஏர்ன் வென்றார். இரண்டிலும் மவுண்ட் பிளெசன்ட்டுக்கு ஆறாம் இடம்.

இங்கே நாம் சற்று நின்று கவனிக்கவேண்டிய செய்தியொன்று உண்டு. அமெரிக்காவின் கொடியைத் தாங்கிய அணியில் இவ்விருவரும் சென்றனர். ஆயின் நியூயார்க் மாநிலத்து இரோக்வா மக்களும், தென்மேற்கிலிருந்த ஹோப்பி மக்களும் அந்நாளில் பொதுவாக அமெரிக்கக் குடிமக்களாகக் கருதப்படவில்லை. பூர்வகுடியினர் அனைவருக்கும் குடியுரிமை வழங்கும் சட்டம் 1924ஆம் ஆண்டில்தான் வந்தது. அதையும் எல்லோரும் வரமாக ஏற்றுக்கொண்டார்கள் என்று எண்ணுதல் தவறு. டஸ்கரோரா தலைவர் கிளின்டன் ரிக்கார்டு, தம் மக்கள் தனியோர் இனம் என்றும், கேளாமல் திணிக்கப்படும் குடியுரிமை தமக்கு வேண்டாம் என்றும் வாதாடினார். 1926ஆம் ஆண்டில் அவர் நிறுவிய சங்கம், அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் இடையேயுள்ள எல்லையைத் தடையின்றிக் கடக்கும் பூர்வகுடியினரின் பழைய ஒப்பந்த உரிமைக்காகப் போராடியது. அந்த உரிமையைக் கொண்டாடும் ஊர்வலம் நயாகராவில் ஆண்டுதோறும் நடத்தப்பட்டு வந்துள்ளது. ஒரு நாட்டின் சார்பில் ஓடுவதும் தாண்டுவதும் எளிது. அந்த நாட்டில் தன் இடம் எதுவென்று அறிவது அத்துணை எளிதன்று.

கார்லைல் நகரிலேயே டிக்கின்சன் கல்லூரி என்ற பழமையான கல்விக்கூடம் இருக்கிறது. பூர்வகுடிப் பள்ளியிலிருந்து அது மிக அருகில். ஆயினும் இரண்டுக்கும் இடையேயிருந்த தொலைவு பெரிது. தொழிற்பள்ளியில் தச்சும் தையலும் கொல்வேலையும் பயின்ற பிள்ளைகள், இலக்கியமும் அறிவியலும் பயிலும் கல்லூரியின் படியை மிதிப்பது அரிது. மவுண்ட் பிளெசன்ட் அந்தத் தொலைவைக் கடந்தார். டிக்கின்சனில் பயின்று 1910ஆம் ஆண்டில் பட்டம் பெற்றார். அக்கல்லூரியில் பட்டம் பெற்ற முதல் பூர்வகுடி மாணவர் அவரே. ஒலிம்பிக் களத்தில் கிட்டாத பதக்கத்தைவிட இந்தப் பட்டமே அவர் வாழ்வின் போக்கை மாற்றியது என்று கருதுகிறோம். தாண்டும் கால்களின் வலிமை சில ஆண்டுகளில் குறைந்துவிடும். பட்டமோ அவரைக் கல்லூரி ஆசான்களின் வரிசையில் நிற்கத் தகுதியுடையவராக்கியது.

அதே ஆண்டில் பென்சில்வேனியா மாநிலத்து லங்காஸ்டர் நகரிலுள்ள பிராங்க்ளின்–மார்ஷல் கல்லூரி அவரைக் கால்பந்துப் பயிற்சியாளராக அமர்த்தியது. அடுத்து 1911ஆம் ஆண்டிலிருந்து 1913ஆம் ஆண்டு வரையில் அதே மாநிலத்தின் மேற்குப் பகுதியிலிருந்த இந்தியானா ஆசிரியப் பயிற்சிப் பள்ளியின் குழுவை அவர் நடத்தினார். பிற்காலத்தில் பல்கலைக்கழகமாக வளர்ந்தது அந்தப் பள்ளி. அது இருந்த ஊரின் பெயரும் மாவட்டத்தின் பெயரும் இந்தியானா என்பதே. பூர்வகுடியினரை நினைத்து இடப்பட்ட பெயர் அது. அவர்களிடமிருந்து பெறப்பட்ட மண்ணுக்கு அவர்களின் பெயர். அந்த மண்ணிலே நாளை பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லப்போகும் இளைஞர்களுக்கு ஒரு டஸ்கரோரா பயிற்சியாளர். சரித்திரம் சில வேளைகளில் இத்தகைய விந்தைகளை ஓசையின்றிச் செய்துவிடுகிறது.

பயிற்சியாளரின் தொழிலைப் பற்றியும் இங்கே சில சொற்கள் சொல்லவேண்டும். களத்தில் ஆடுபவனின் வெற்றி எல்லோர் கண்ணுக்கும் தெரியும். பயிற்சியாளரோ ஆட்டத்துக்கு முன்பே தம் வேலையை முடித்துவிடுகிறார். யாரை எங்கே நிறுத்துவது, எந்த வேளையில் எந்த முறையைக் கையாள்வது, தோற்ற பின்னர் சோர்ந்த இளைஞர்களை எவ்வாறு மறுநாள் காலையில் திடலுக்கு வரவழைப்பது என்பனவெல்லாம் அவர் பொறுப்பு. தாம் உடலால் அறிந்ததைப் பிறர் உள்ளம் கொள்ளும்படி சொல்லத் தெரியவேண்டும். ஒரு மொழியில் உள்ள கருத்தை மற்றொரு மொழியில் உயிரோடு கொண்டுவரும் வேலைக்கு இது பெரிதும் ஒத்தது. விரல் நுனியில் சுழன்ற பந்தின் இரகசியம் மவுண்ட் பிளெசன்ட்டோடு முடிந்துவிடாமல் பிற மாணவர்களிடம் சென்று சேர்ந்தது இந்த வழியில்தான்.

இப்பாதையில் அவர் தனியாக நடக்கவில்லை. கார்லைலில் அவருடன் 1907ஆம் ஆண்டுக் குழுவில் ஆடிய, டெலவேர் இனத்தைச் சேர்ந்த ஆல்பர்ட் எக்சென்டைன், ஜார்ஜ்டவுன் உள்ளிட்ட பல கல்லூரிகளில் நெடுங்காலம் பயிற்சியாளராக இருந்தார். அடுத்த தலைமுறை வீரரான கஸ் வெல்ச், வாஷிங்டன் மாநிலக் கல்லூரியிலும் பிற இடங்களிலும் பயிற்சி அளித்தார். பூர்வகுடியினருக்கு உழவும் கைத்தொழிலுமே ஏற்றவை என்று அரசாங்கம் வகுத்திருந்த காலத்தில், இவர்கள் உயர்கல்விக் கூடங்களில் தலைமைப் பொறுப்பு வகித்தனர். வெள்ளை இளைஞர்கள் இவர்கள் சொல் கேட்டு நடந்தனர். சட்டத்தால் உண்டாகாத மதிப்பை இவர்கள் தம் வித்தையால் உண்டாக்கிக்கொண்டனர். ஆயினும் திடலுக்கு வெளியே அந்த மதிப்பு எவ்வளவு தூரம் உடன்வந்தது என்பது வேறு கேள்வி. விளையாட்டில் வழிவிடும் சமூகம் வாழ்விலும் உடனே வழிவிட்டுவிடுவதில்லை.

முதல் உலகப் போரில் அமெரிக்கா இறங்கியபோது ஆயிரக்கணக்கான பூர்வகுடியினர் படையில் சேர்ந்தனர். குடியுரிமை இல்லாதவர்களும் அவர்களுள் பலர். மவுண்ட் பிளெசன்ட்டும் தரைப்படையில் லெப்டினன்ட் பதவி வகித்தார். போர் முடிந்து 1919ஆம் ஆண்டில், நற்சான்றுடன் படையிலிருந்து விடுபட்ட பூர்வகுடி வீரர்கள் விண்ணப்பித்தால் குடியுரிமை பெறலாம் என்று சட்டம் செய்யப்பட்டது. அதன் பின்னர் மவுண்ட் பிளெசன்ட்டின் வாழ்வு பொதுமக்கள் பார்வையிலிருந்து மெல்ல விலகியது. 1937ஆம் ஆண்டில், தம் பிறந்த நிலத்துக்கு அண்மையிலுள்ள பஃபலோ நகரில் அவர் காலமானார்.

அவருடன் ஆடியவர்களின் பிற்காலத்தையும் சேர்த்துப் பார்த்தால் புகழின் இயல்பு விளங்கும். ஜிம் தோர்ப் 1912ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோம் பந்தயங்களில் இரு தங்கப் பதக்கங்கள் வென்றார். முன்னர்ச் சிறு ஊதியத்துக்குப் பேஸ்பால் ஆடினார் என்ற காரணத்தால் மறு ஆண்டிலேயே அவை பறிக்கப்பட்டன. அவர் மறைந்து பல்லாண்டுகளுக்குப் பின் 1982ஆம் ஆண்டில் மற்றொருவருடன் பங்கிட்ட வெற்றியாளர் என்று ஏற்கப்பட்டார். தனி வெற்றியாளர் என்ற பெருமை 2022ஆம் ஆண்டில்தான் திரும்பக் கிடைத்தது. தெவானிமா 1912ஆம் ஆண்டில் பத்தாயிரம் மீட்டர் ஓட்டத்தில் வெள்ளிப் பதக்கம் பெற்று, தம் ஹோப்பிக் கிராமத்துக்கே திரும்பி ஆடு மேய்த்து, தம் மக்களின் சடங்குகளில் பங்குகொண்டு 1969ஆம் ஆண்டு வரை வாழ்ந்தார். எந்த வழக்கங்களை மறக்கவேண்டும் என்று அவரை வலிந்து அழைத்துவந்தார்களோ, அந்த வழக்கங்களுக்குள்ளேயே அவர் முதுமையைக் கழித்தார். மவுண்ட் பிளெசன்ட்டுக்கு அமெரிக்கப் பூர்வகுடி விளையாட்டு வீரர்களின் பெருமைக் கூடத்தில் 1973ஆம் ஆண்டில் இடமளிக்கப்பட்டது.

மூவர் வழிகளும் மூவேறு வகையின. ஒருவர் உலகம் காண வென்றார். ஒருவர் தம் ஊருக்கு மீண்டார். ஒருவர் பிறர் பிள்ளைகளுக்குக் கற்பித்தார். அவர்களை மாற்ற முனைந்த பள்ளி வகுத்த வழி இம்மூன்றில் எதுவும் அன்று. அவ்வழிகளை அவர்கள் தாமே கண்டனர். பள்ளி கொடுத்த ஆங்கிலத்தையும் ஆட்டத்தையும் அவர்கள் கைக்கருவிகளாகக் கொண்டனர். இதனால் பள்ளி செய்த கொடுமை நியாயமாகிவிடாது. வெற்றி பெற்ற சிலரின் பெயர்களுக்குப் பின்னால், தாய்மொழியையும் தாய் முகத்தையும் இழந்து நின்ற ஆயிரக்கணக்கானவர்களின் பெயரற்ற துயரம் இருக்கிறது. 2024ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் அந்தக் கார்லைல் பள்ளி இருந்த இடத்தைத் தேசிய நினைவிடமாக அறிவித்தார். அங்கே நினைக்கப்படவேண்டியவர்கள் வென்றவர்களும் வீடு திரும்பாதவர்களும் ஆகிய இரு சாராருமே.

இறுதியாக ஒரு சிறு செய்தி. மவுண்ட் பிளெசன்ட் பயிற்சியளித்த இந்தியானாக் கல்விக்கூடத்தின் விளையாட்டுக் குழுக்கள் பிற்காலத்தில் 'இந்தியர்' என்ற பட்டப்பெயரோடு பல்லாண்டுகள் ஆடிவந்தன. பூர்வகுடி மக்களைக் குழுச் சின்னமாகப் பயன்படுத்துவதை அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் 2005ஆம் ஆண்டில் கண்டித்துக் கட்டுப்பாடு விதித்தது. அதையடுத்து அப்பல்கலைக்கழகமும் அப்பட்டப்பெயரைக் கைவிட்டு, ஒரு பருந்தின் பெயரைச் சூடிக்கொண்டது. பிறர் சூட்டிய பிழையான பெயரொன்று நீங்கியது நன்று. அதே திடலில் மூன்று ஆண்டுகள் நின்று மாணவர்களுக்குக் கற்பித்த டஸ்கரோரா ஆசானின் சொந்தப் பெயர் நினைவில் நிற்பது அதனினும் நன்று.